எந்தக் கை எந்த நாளுக்கு: வில்லியம்ஸ்போர்ட் நாட்குறிப்பு

திங்கள்

10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான பேஸ்பால் போட்டியான லிட்டில் லீக் உலகத் தொடர், அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி வரைபடத்தில் அந்தப் பெயரைப் போட்டால் ஆற்றின் எதிர்க்கரையில் போய் நிற்பீர்கள். மைதானங்கள் இருப்பது சஸ்குவெஹானா ஆற்றின் தென்கரையில், சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில், 15-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி. ஹாரிஸ்பர்க்கிலிருந்து வடக்கே சுமார் ஒன்றரை மணி நேரம். நியூயார்க்கிலிருந்தோ பிலடெல்பியாவிலிருந்தோ வந்தால் மூன்று மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் கஷ்டமான பகுதி சாலை அல்ல, அறை. வட்டாரப் போட்டிகள் ஆகஸ்ட் முதல் பாதியில்தான் முடிகின்றன. வென்ற அணி உடனே இங்கே வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் லிட்டில் லீக் அமைப்பின் பொறுப்பு. மைதானத்தை ஒட்டிய ‘இன்டர்நேஷனல் குரோவ்’ என்ற வளாகத்தில் எல்லா அணிகளும் ஒன்றாகத் தங்குகின்றன. பெற்றோருக்கு அங்கே இடமில்லை, அவரவர் செலவு அவரவருக்கு. ஊருக்குள் அறைகள் வெகு முன்பே நிரம்பிவிடும். லூயிஸ்பர்க், லாக் ஹேவன், ப்ளூம்ஸ்பர்க் என்று சுற்றுவட்டாரத்தில் தேட வேண்டியிருக்கும்.

வட்டாரப் போட்டி தொடங்குவதற்கு முன்பே, பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் ஓர் அறையைப் பதிவு செய்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஜெயிக்கும் முன்பே அறை போட்டால் ராசி கெட்டுவிடும் என்று தயங்குகிறவர்கள் தினமும் முக்கால் மணி நேரம் கூடுதலாக வண்டி ஓட்டுவார்கள்.

இங்கே வந்ததும் பலர் குழம்பும் இன்னொரு விஷயம், சட்டை. பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சீருடையில் ஆடுவதில்லை. ‘மிட் அட்லான்டிக்’, ‘நார்த்வெஸ்ட்’, ‘கரீபியன்’ என்று வட்டாரப் பெயர் எழுதிய சட்டைகளைத் தருகிறார்கள். 2022 முதல் மொத்தம் 20 அணிகள்: அமெரிக்காவிலிருந்து 10, மற்ற நாடுகளிலிருந்து 10. உங்கள் அணி எந்த வட்டாரப் பெயரில், எந்த நிறத்தில் ஆடுகிறது என்பதைத் தாத்தா பாட்டிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தொலைக்காட்சியில் பேரனைத் தேடிக்கொண்டே இரண்டு இன்னிங்ஸ் போய்விடும்.

செவ்வாய்

இன்று ஆட்டம் இல்லை. உடைமைகளைச் சரிபார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

முதலில் மட்டை. 2018 முதல் லிட்டில் லீக்கில் ‘யுஎஸ்ஏ பேஸ்பால்’ முத்திரை உள்ள மட்டை மட்டுமே செல்லும். நீளம் 33 அங்குலத்துக்கு மேல் கூடாது, பருமனான பகுதியின் விட்டம் 2⅝ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வார இறுதிகளில் தனியார் தொடர்களில் ஆடும் பிள்ளைகளிடம் ‘யுஎஸ்எஸ்எஸ்ஏ’ முத்திரை போட்ட மட்டை இருக்கும். எழுத்துகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிவதால் அவசரத்தில் அதைப் பையில் போட்டுவிடுவார்கள். அது இங்கே செல்லாது. அதைக் கொண்டு ஆடியது கண்டுபிடிக்கப்பட்டால், அடுத்த பேட்டர் அடிக்க நிற்கும் கட்டத்துக்குள் வரும் முன் முறையிட்டால் போதும், அடித்தவர் அவுட். பந்து வேலியைத் தாண்டிப் போயிருந்தாலும் அந்த ரன் கிடையாது.

அடுத்து பிட்ச்சரின் (பேட்டருக்குப் பந்து எறிகிறவரின்) கை. மணிக்கட்டில் வியர்வைப் பட்டை கூடாது. உள்சட்டையின் கை வெளியே தெரிந்தால் அது வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கக் கூடாது, பந்து அந்த நிறத்தில் மறைந்துவிடும் என்பதே காரணம். வெயிலுக்கு வெள்ளைதான் நல்லது என்று வாங்கி வந்த பெற்றோர் கடைசி நேரத்தில் நீலமோ கறுப்போ தேடி அலைவது வழக்கம். காலணியில் உலோக ஆணி கூடாது. பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரின் முகமூடியில் தொண்டையை மறைக்கும் தொங்கு தகடு கட்டாயம். அதைக் கட்டியிருக்கும் கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பத்துப் பைசாக் கயிறு அறுந்ததால் ஆட்டம் நிற்பது எரிச்சலான விஷயம்.

மூன்றாவதாகக் காகிதங்கள். அணி மேலாளரிடம் ஒரு தடித்த கோப்பு இருக்கும். பிறப்புச் சான்று, வசிப்பிட ஆதாரம் அல்லது பள்ளிச் சேர்க்கைப் படிவம், லீகின் எல்லை வரைபடம் எல்லாம் அதில் அடக்கம். வயதுக் கணக்கு அந்த ஆண்டின் ஆகஸ்ட் 31-ஐ வைத்து. செப்டம்பர் 1-இல் 13 ஆகும் பிள்ளை இந்த ஆண்டு 12-தான், ஆகஸ்ட் 31-இல் 13 ஆகும் பிள்ளைக்கு இந்தப் பிரிவில் இடமில்லை. 2001-இல் ஓர் அணியின் பிட்ச்சர் வயது கூடியவர் என்று தொடருக்குப் பிறகு தெரியவந்து, அந்த அணியின் வெற்றிகள் எல்லாம் அழிக்கப்பட்டன. அதனால் இந்தக் கோப்பில் யாரும் இரக்கம் காட்ட மாட்டார்கள்.

புதன்

தொடர் தொடங்கிவிட்டது. எங்கள் அணிக்கு நாளைதான் முதல் ஆட்டம். இன்று முக்கிய மைதானமான லமேட் மைதானத்தின் புல்மேட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் ஆட்டம்.

அனுமதி இலவசம். 1959 முதல் தொடர் இந்த லமேட் மைதானத்தில் நடக்கிறது. 2001-இல் அணிகள் எட்டிலிருந்து பதினாறாக உயர்ந்தபோது பக்கத்திலேயே ‘வாலன்டியர்’ மைதானம் கட்டினார்கள். லமேட்டின் அவுட்ஃபீல்டுக்கு (ஆடுகளத்தின் வெளிப்பகுதிக்கு) பின்னால் உள்ள புல்மேட்டில் விரிப்பைப் போட்டு உட்காரலாம். அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன்மேல் உட்கார்ந்து பிள்ளைகள் சறுக்கும் இடமும் அதுதான். குடும்பத்தில் ஆடாத பிள்ளை ஒன்று இருந்தால் அதற்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு வேண்டாம். பொழுது சாய்ந்தால் புல் ஈரமாகிவிடும். கீழே விரிக்க ஒரு நெகிழித் தாள் எடுத்து வாருங்கள்.

மைதானத்தின் அளவுகள் தெரிந்தால் ஆட்டம் வேறாகத் தெரியும். ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள்; பேஸுக்குப் பேஸ் 60 அடி (பெரியவர்களுக்கு 90). பிட்ச்சர் நிற்கும் பலகைக்கும் பேட்டருக்கு முன் உள்ள ஹோம் பிளேட்டுக்கும் இடையே 46 அடி (பெரியவர்களுக்கு 60½). வேலி 225 அடி தூரத்தில். ஒரு பையன் மணிக்கு 70 மைல் வேகத்தில் எறிந்தால், 46 அடியைப் பந்து 0.45 வினாடிக்குள் கடந்துவிடும். பெரியவர்களின் தூரத்தில் இதே அவகாசம் வேண்டுமானால் 92 மைல் வேகத்தில் எறிய வேண்டும். ஆகவே “இந்தப் பந்தைக்கூட அடிக்கத் தெரியலையா” என்று மேட்டிலிருந்து கத்துகிறவர் ஒருமுறை கட்டத்துக்குள் நின்று பார்க்கலாம்.

ஆட்டம் ஆறு இன்னிங்ஸ், ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும். நான்கு இன்னிங்ஸ் முடிவில் 10 ரன் வித்தியாசம் இருந்தால் அத்தோடு சரி. பந்து பேட்டரை அடையும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது. முன்னாலேயே கிளம்பினால் அம்பயர் ஒரு சிவப்புத் துணியைக் கீழே போடுவார், அதைப் பார்த்தால் பேஸில் ஏதோ கோளாறு என்று பொருள். இதனால் பேஸைத் திருடுவது (பேட்டர் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது) என்பது காலின் வேகத்தைவிடக் கேட்ச்சர் பந்தைத் தவறவிடுவதைப் பொறுத்தது.

ஸ்கோர் புத்தகம் எழுதத் தெரியாதவர்கள் இன்றே பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்: பிட்ச்சர் 1, கேட்ச்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட் ஸ்டாப் 6, இடப்புற அவுட்ஃபீல்ட் 7, நடு 8, வலப்புறம் 9. ஷார்ட் ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் 6-3. அடிக்கத் தவறிய பந்தும் அடிக்காமல் விட்ட நல்ல பந்தும் ஸ்டிரைக், மூன்று ஆனால் ஸ்டிரைக் அவுட்; அதற்கு ‘கே’ எழுத்து. மட்டையைச் சுழற்றாமல் நின்றபடியே அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும். இவ்வளவுதான், மீதி கைப்பழக்கம்.

ஆனால் பெற்றோர் எழுத வேண்டிய முக்கியமான எண் வேறு. வீச்சு எண்ணிக்கை, அதாவது பிட்ச்சர் பேட்டருக்கு எறிந்த பந்துகள். பக்க ஓரத்தில் ஒவ்வொரு பிட்ச்சருக்கும் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டுக்கொண்டே போங்கள். ஸ்கோர்போர்டு இன்றைய ஆட்டத்தைச் சொல்லும். இந்த ஓரக் கோடுகள் மறுநாளையும் அதற்கு அடுத்த நாளையும் சொல்லிவிடும்.

11, 12 வயதுப் பிட்ச்சருக்கு ஒரு நாளில் 85 வீச்சு உச்சவரம்பு, 10 வயதுக்கு 75. வீசியதைப் பொறுத்து ஓய்வு:

20 வரை: ஓய்வு தேவையில்லை
21 முதல் 35: ஒரு நாள்
36 முதல் 50: இரண்டு நாள்
51 முதல் 65: மூன்று நாள்
66-உம் அதற்கு மேலும்: நான்கு நாள்

இவை முழு நாள்கள், மணிக்கணக்கு அல்ல. புதன்கிழமை காலையில் 40 வீசினாலும் இரவில் 40 வீசினாலும் வியாழன், வெள்ளி ஓய்வு, சனிக்கிழமை கை தயார்.

எண்ணும்போது தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். இரண்டு ஸ்டிரைக்குக்குப் பிறகு வரும் ஃபவுல் (எல்லைக் கோட்டுக்கு வெளியே போன அடி), ஸ்டிரைக் கணக்கில் ஏறாது, வீச்சுக் கணக்கில் ஏறும். பேட்டர் அடித்து ஆட்டத்துக்குள் போன பந்தும் ஒரு வீச்சுதான், அதை எல்லோரும் மறந்துவிட்டு ரன்னரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேண்டுமென்றே வாக் (நான்கு தவறான பந்துகளுக்காக பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) கொடுப்பதாக அறிவித்தால், பந்தே எறியாவிட்டாலும் நான்கு சேரும். இன்னிங்ஸ் தொடக்கத்தில் எறியும் பயிற்சிப் பந்துகள் சேராது. அதிகாரபூர்வமாக எண்ணுகிறவர் ஒருவர் இருப்பார். ஆனால் அவர் சொல்ல மறந்தாலும் பொறுப்பு அணி மேலாளருடையதுதான் என்கிறது விதி. அதனால் எந்த மேலாளரும் கம்பிவலைக்குப் பின்னால் நம்பகமாக எண்ணும் ஒரு அம்மாவையோ அப்பாவையோ வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

வியாழன்

முதல் ஆட்டம். தோல்வி. ஆனால் இன்றைய எண்களில் முக்கியமானது 72.

11-ஆம் எண் சட்டைப் பையன் தொடக்கப் பிட்ச்சர். இரண்டு இன்னிங்ஸில் 27 வீச்சு, சிக்கனம். மூன்றாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு பேட்டர் 11 வீச்சுகளைத் தின்றுவிட்டான். இரண்டு ஸ்டிரைக் ஆன பிறகு ஃபவுலுக்கு மேல் ஃபவுல். ஒவ்வொன்றும் வலப்புறக் கம்பிவலையில் போய்த் தட்டியது. வலக்கை பேட்டர் வலப்புறமாகவே ஃபவுல் அடித்தால், மட்டை பந்துக்குப் பின்தங்குகிறது என்று பொருள். அப்படிப்பட்டவனுக்கு வேகத்தைக் குறைத்து ஒரு பந்து போட்டால் அவனுக்கே உதவி செய்வதாகும். எட்டாவது வீச்சில் அதுதான் நடந்தது, நல்லவேளையாக அதுவும் ஃபவுல். கடைசியில் வாக். ஸ்கோர் புத்தகத்தில் அது ஒரு சின்னக் குறிப்பு. வீச்சுக் கணக்கில் அது ஓர் இன்னிங்ஸ்.

ஐந்தாவது இன்னிங்ஸில் 72-இல் நிறுத்தினார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் ஓய்வு. செவ்வாய்தான் அந்தக் கை திரும்பும். 65-இல் நிறுத்தியிருந்தால் திங்களே கிடைத்திருக்கும். ஒரு ரன் பின்தங்கியிருந்த நேரத்தில் மேலாளர் அந்த ஏழு வீச்சுகளுக்காகத் திங்களைக் கொடுத்துவிட்டார். முதல் ஆட்டத்தில் இந்தப் பேரம் எனக்கு ஒப்பவில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கும் உறவினர்களுக்கு: இந்த வயதில் முழங்கையின் உட்புறத்தில் எலும்பின் வளர்ச்சித் தகடு இன்னும் மூடியிருக்காது. பெரியவர்களுக்கு அங்கே தசைநார் கிழிகிறது. பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே இந்த வளர்ச்சித் தகடு இழுபட்டு வீங்குகிறது. ‘லிட்டில் லீக் முழங்கை’ என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பு இன்னிங்ஸ் கணக்கில்தான் கட்டுப்பாடு இருந்தது. 2007-இல் வீச்சுக் கணக்குக்கு மாறினார்கள். ஓர் இன்னிங்ஸ் 9 வீச்சிலும் முடியும், 40-இலும் முடியும் என்பதால் பழைய முறையில் அர்த்தமே இல்லை.

களைப்பை மேட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பந்துகள் வரிசையாக மேலே போகத் தொடங்கும். முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்கும். வீச்சுகளுக்கிடையே கையை உதறுவான், தொப்பியைச் சரிசெய்வான், மண்ணைக் காலால் கிளறுவான், நேரம் கடத்துகிறான். பிள்ளைகள் வலிக்கிறது என்று தாமாகச் சொல்வது அபூர்வம். ஆட்டம் முடிந்து அணி வளாகத்துக்குத் திரும்பும் வழியில் சில நிமிடம் பேச முடிகிறது. “சாப்பிட்டியாடா? கை வலிக்குதா?” என்று எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். “இல்லம்மா” என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். முதல் கேள்விக்கான பதிலை மட்டும் நம்புங்கள். வலியைத் தெரிந்துகொள்ள, தண்ணீர்க் குப்பியை எந்தக் கையால் வாங்குகிறான் என்று பாருங்கள்.

வெள்ளி

மழை, இடி. கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், நடுவில் மறுபடி இடித்தால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகும். ஆகஸ்டில் பென்சில்வேனிய மலைகளுக்கிடையே இது சகஜம். வண்டியில் ஒரு மாற்று உடுப்பு, காலுறை. பாதியில் நின்ற ஆட்டத்தில் எறிந்த வீச்சுகளுக்கும் ஓய்வு உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சனி

இரண்டு முறை தோற்றால் வெளியே. ஏற்கெனவே ஒன்று போய்விட்டது.

தோல்வியின் தண்டனை அட்டவணையில் ஒளிந்திருக்கிறது. தோற்காமல் போகும் அணிக்கு ஆட்டங்கள் குறைவு, இடைவெளி அதிகம். ஒருமுறை தோற்றவர்கள் அதே இறுதிக்குப் போக கூடுதல் ஆட்டங்கள் ஆட வேண்டும், அதுவும் நெருக்கமான நாள்களில். மூன்று நல்ல கைகள் (பிட்ச்சர்கள்) போதும் என்று வந்த அணிக்கு ஐந்து தேவைப்படும்.

இன்று 58 வீச்சில் 4-ஆம் எண் பையன் காப்பாற்றினான். ஞாயிறு, திங்கள், செவ்வாய் அவனுக்கு ஓய்வு. அவனுக்குப் பின் வந்தவனை மேலாளர் பயன்படுத்திய விதத்தைக் கவனிக்க வேண்டும். 18 வீச்சு ஆகியிருந்தபோது புதிய பேட்டர் வந்தான். அந்த ஒருவனுக்கே ஐந்து வீச்சு ஆனது, மொத்தம் 23. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு நாள் ஓய்வு வந்துவிட்டது. வரவில்லை. ஒரு பேட்டரை எதிர்கொண்டிருக்கும்போது வரம்பைத் தொட்டால், அந்த பேட்டரை முடித்துக்கொள்ளலாம். அடுத்தவனுக்கு ஒரு பந்துகூட எறியாமல் வெளியேற்றினால், ஓய்வுக்கு 20 என்றே கணக்கு. 35, 50, 65 வரம்புகளுக்கும் இதே சலுகை. 85-க்கும் அப்படியே, நடப்பு பேட்டரை முடித்துவிட்டு இறங்கலாம். அடுத்த பேட்டர் கட்டத்தில் வந்து நின்ற பிறகும் மேலாளர் யோசித்துக்கொண்டிருந்தால் ஒரே ஒரு வீச்சில் ஒரு நாள் போய்விடும். இந்தப் பிரிவில் பிட்ச்சர் இடத்திலிருந்து இறங்கியவர் அதே ஆட்டத்தில் மறுபடி பிட்ச்சராக வர முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மேலாளர் ஏன் நன்றாக எறியும் பையனை எடுக்கிறார் என்று பக்கத்து விரிப்பில் ஒருவர் கொதித்தார். அவர் கையில் புத்தகம் இல்லை.

ஞாயிறு

ஆற்றைக் கடந்து ஊருக்குள். 2017 முதல் தொடரின் நடுவே வரும் ஞாயிறன்று பெரிய லீகின் தொழில்முறை அணிகள் இரண்டு போமன் மைதானத்தில் ஆடுகின்றன. 1926-இல் திறந்த சின்ன மைதானம். இடம் பெரும்பாலும் தொடரில் ஆடும் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும். பகலில் அந்த ஆட்டக்காரர்கள் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள், சிலர் மேட்டில் அட்டை போட்டுச் சறுக்குவதும் உண்டு.

போமனுக்கு எதிரே, நான்காவது தெருவில், கார்ல் ஸ்டாட்ஸ் பெயரிலுள்ள பழைய மைதானம். 1939-இல் மூன்று அணிகளோடு லிட்டில் லீகைத் தொடங்கியவர் அவர். 1947 முதல் 1958 வரை உலகத் தொடர் நடந்தது இங்கேதான். கூட்டமே இல்லை. அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

சட்டையில் குத்தும் சிறிய அணிப் பின்களை மாற்றிக்கொள்வது இங்கே தனி உலகம். ஒன்றுக்கு ஒன்று என்பதே பிள்ளைகளுக்குள் நியாயம். பின்னால் உள்ள ரப்பர் மூடி கழன்றுவிடும், திருகிப் பூட்டும் உலோக மூடி ஒரு பொட்டலம் வாங்கி வையுங்கள். பெரியவர்கள் சிலர் பிள்ளைகளிடம் சாமர்த்தியமாகப் பேசி அரிய பின்களை வாங்கிவிடுவதும் நடக்கிறது, பக்கத்தில் நில்லுங்கள்.

திங்கள்

வெற்றி, 5-3. மூன்றாவது பிட்ச்சர் 50 வரம்பைத் தொட்டு இறங்கினான். செவ்வாய், புதன் அவன் இல்லை.

இன்றைய சிக்கல் கேட்ச்சரைப் பற்றியது. எங்கள் கேட்ச்சருக்கு நல்ல கை உண்டு. ஆனால் நான்கு இன்னிங்ஸ் கேட்ச்சராக நின்றவர் அன்று பிட்ச்சராக முடியாது. நான்காவது இன்னிங்ஸில் ஒரு பந்தை வாங்கினாலே நான்கு இன்னிங்ஸ் என்றுதான் கணக்கு. ஆகவே மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். அவனை மாற்றினால் பின்னால் நிற்கப்போவது யார்? மாற்றுக் கேட்ச்சர் தவறவிடும் ஒவ்வொரு பந்தும் ரன்னருக்கு ஒரு பேஸ். மேலாளர் மாற்றவில்லை. எதிர்த்திசையிலும் விதி உண்டு: 41 வீச்சு எறிந்த பிட்ச்சர் அன்று கேட்ச்சராக நிற்க முடியாது. இரண்டும் சேர்ந்து எறிகிறவனின் கையைக் காக்கின்றன; கேட்ச்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

இந்த வெயிலில் முழுக் கவசத்தோடு குந்தி எழுகிறவனுக்குத் தாகம் எடுத்த பிறகு தண்ணீர் கொடுத்துப் பயனில்லை. முந்தின இரவிலிருந்தே குடிக்க வேண்டும்.

செவ்வாய்

11-ஆம் எண் திரும்பினான். நான்கு நாள் ஓய்வு எடுத்த கை, முதல் மூன்று இன்னிங்ஸ் அருமை. எதிரணி அவனை அடிக்க முயலவில்லை, காத்திருந்தது. இரண்டு ஸ்டிரைக் ஆகும்வரை மட்டையை அசைக்காமல் வீச்சுகளை ஏற்றிக்கொண்டே போனார்கள். இது தற்செயல் அல்ல. எங்கள் 4-ஆம் எண்ணும் மூன்றாமவனும் இன்று கிடையாது என்பது அவர்கள் புத்தகத்திலும் இருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் 85. அப்போது 2-1 என்று முன்னிலை. அடுத்து வந்தவர்கள் இருவரும் வருடம் முழுக்க அவுட்ஃபீல்டில் நின்றவர்கள். நான்கு வாக், ஒரு நல்ல அடி, 2-5. அணி வெளியேறியது.

அந்த இருவரையும் யாரும் குறை சொல்லக் கூடாது. நான்காவது, ஐந்தாவது கைகளை மே மாதத்திலேயே, தோற்றாலும் பரவாயில்லை என்ற ஆட்டங்களில் எறியவிட்டு வளர்க்க வேண்டும். ஆகஸ்டில் அவர்கள் வானத்திலிருந்து குதிக்க மாட்டார்கள்.

மேலாளர்களின் சட்டையில் ஒலிவாங்கி இருப்பதால் தோற்றபின் பிள்ளைகளிடம் பேசுவதும் தொலைக்காட்சியில் வரும். பெற்றோருக்கு ஒலிவாங்கி இல்லை என்றாலும் கம்பிவலைக்குப் பக்கத்தில் நின்று பேசுவது கேமராவில் விழும்.

சனி

இடையில் சொல்ல ஒன்றுமில்லை. இன்று அமெரிக்கப் பிரிவின் இறுதியும் சர்வதேசப் பிரிவின் இறுதியும். ஒரே ஆட்டம், இதுவரை தோற்காத அணி இன்று தோற்றாலும் வெளியேதான்.

நாளைக்கு யார் கிடைப்பார் என்பதை இப்போதே கணக்கிடலாம். புதனன்று 65 வரை, வியாழனன்று 50 வரை, இன்று 20 வரை எறிந்தவர்கள் நாளை தயார். புதனன்று 66 எறிந்தவன் டக்அவுட்டில் உட்கார வேண்டியதுதான். இன்று பெரிய முன்னிலை கிடைத்ததும் மேலாளர் ஒருவர் தன் சிறந்த பையனைச் சரியாக 20-இல் நிறுத்தினார். மேட்டில் கைதட்டியவர்கள் சிலர்தான்.

ஞாயிறு

இறுதி. ஸ்டேடியத்துக்குள் இருக்கை கிடைக்காவிட்டால் மேடு இருக்கிறது, காலையிலேயே விரிப்பைப் போட்டுவிடுங்கள்.

இந்த ஆட்டத்தை ஒற்றைக் கையும் முடிக்கலாம், ஒற்றைத் தவறும் முடிக்கலாம். 2022-இல் ஹொனலுலு 13-3 என்று நான்கே இன்னிங்ஸில் முடித்தது. 2024-இல் புளோரிடாவின் லேக் மேரி, தைவான் அணியை எட்டாவது இன்னிங்ஸில் 2-1 என்று வென்றது; ஒரு பண்ட் (மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது), முதல் பேஸுக்கு எறிந்த பந்து தவறிப் போனது, அவ்வளவுதான். மறு ஆண்டே தைவான் 7-0 என்று நெவாடாவை வீழ்த்தி, 1996-க்குப் பிறகு முதல்முறையாகப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. பண்ட் வரும்போது முதல் பேஸை யார் காப்பது என்ற பயிற்சியை ஊரில் அலுப்பாக நினைக்கும் பிள்ளைகளுக்கு 2024 இறுதியைப் போட்டுக் காட்டலாம்.

முடிந்ததும் 15-ஆம் எண் சாலை அசையாது. அவசரம் இல்லாதவர்கள் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

வண்டியில் ஏறுவதற்கு முன்பே இலையுதிர் காலத் தொடருக்குப் பெயர் கேட்டுச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். பேஸ்பால் அமைப்புகளும் மருத்துவர்களும் சேர்ந்து வகுத்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல்படி 9 முதல் 12 வயதுவரை, ஆண்டுக்கு நான்கு மாதமாவது எறிவதையே நிறுத்த வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 80 இன்னிங்ஸுக்கு மேல் பிட்ச்சராக நிற்கவும் கூடாது. இதில் லீக், வார இறுதித் தொடர்கள் எல்லாமே சேரும், ஆனால் அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டிப் பார்ப்பவர் வீட்டில் இருப்பவர் மட்டுமே. அந்த ஓரக் கோடுகள் போட்ட புத்தகத்தை எடுத்து, மார்ச்சிலிருந்து கூட்டிவிட்டு, அதன்பிறகு அந்தச் செய்திக்குப் பதில் எழுதுங்கள்.